முப்பத்தேழாம் நம்பர் கால்களும் ஆறு மணிப் பூட்டும்

பூங்காக் காவல் என்பது, சந்தோஷமாக இருக்கலாம் என்று வந்தவர்களைப் பார்த்து விசில் ஊதுகிற உத்தியோகம். பள்ளிக்கூட கேட்டிலும் கல்யாண மண்டப வாசலிலும் நூலகத்து மேஜையிலும் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருக்கும் என் இனத்தார் எல்லாருக்கும் இது புரியும். நாம் திறக்கும்போது யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பூட்டும்போது மட்டும் ஊரே நம்மை முறைக்கும்.

ஆம்பூரில் பேரணாம்பட்டு பஸ் ஏறினால் நடுவில் வருகிற ஒரு சின்னப் பேரூராட்சியின் பூங்கா எங்களுடையது. ஒரு பக்கம் ஷூ கம்பெனிகள், இன்னொரு பக்கம் தோல் பதனிடும் கம்பெனி, நடுவில் நாங்கள். உள்ளே ஊஞ்சல் உண்டு, சறுக்குமரம் உண்டு, தண்ணீர் வராத நீரூற்று உண்டு, பாட்டுப் பாட ஒரு சிமென்ட் மேடை உண்டு, காலியாக ஒரு மண்தரை உண்டு. என் பெயர் ரோசலின். அப்படிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பேனா என்பது சந்தேகம்தான். ஊருக்கு நான் பார்க்கக்கா. காலையில் கொஞ்ச நேரம் திறப்பேன், மாலையில் நாலு மணிக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டுவேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். வெளியே சொன்னால் இன்னும் நாலு வேலையைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோணலான எட்டு

இப்போதெல்லாம் எட்டு போட்டு நடக்காத சர்க்கரை நோய்க்காரர் எங்கள் பக்கம் கிடையாது. தரையில் பெரிதாக ஒரு எட்டு வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே வளைந்து வளைந்து நடக்க வேண்டும். அந்த எட்டு வடக்கு தெற்காக இருக்க வேண்டும் என்பது விதி. யார் போட்ட விதி என்று கேட்டால் எல்லாரும் போனை எடுத்துக் காட்டுவார்கள். கான்ட்ராக்டர் ஒருவர் சிவப்புக் கல் பதித்து எங்கள் பூங்காவிலும் ஒரு எட்டு போட்டுக் கொடுத்தார். மறுநாளே பஷீர் பாய் வந்து நின்றார்.

பஷீர் பாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். தைத்து ஒட்டி வந்த ஷூவைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சொல்வதுதான் அவர் வேலையாக இருந்தது. அவர் வேலையை விட்டார், விரல் இன்னும் விடவில்லை. பெஞ்சை அழுத்துவார், குழாயை அழுத்துவார், நான் குழந்தைகளுக்காக வாங்கி வைத்த பிளாஸ்டிக் வாளியைக்கூட அழுத்திப் பார்த்திருக்கிறார். நடக்கிறவர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தேர்தல் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு போனில் திசைகாட்டியைத் திறந்து எட்டின் தலையில் வைத்தார். ஊசி பக்கவாட்டில் போய் நின்றது. "ரிஜெக்ட்" என்றார். கான்ட்ராக்டரைக் கூட்டி வந்தார்கள். அந்த மனிதர் எட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், சுற்றுச்சுவரைப் பார்த்தார், பிறகு நிதானமாகச் சொன்னார்: "பாய், எட்டை நான் கரெக்டாத்தான் போட்டேன். பார்க்கைத்தான் கோணலா கட்டிட்டாங்க."

உணவுப் பொருள்

'உணவுப் பொருட்கள் கொண்டுவரக் கூடாது' என்று கேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு நான் கேட்டைத் திறந்தால், முதல் ஆளாக உள்ளே நுழைவது பிரியாணி வாசனைதான். துண்டில் கட்டிய அலுமினிய டப்பாவை அந்தப் பக்கம் திரும்பி மறைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வரும். எட்டுப் பாதைக்கு அந்தப்புறம் போர்வை விரிப்பார்கள். கத்திரிக்காய்க்குத் தனி டப்பா. நானும் விசில் ஊதுவேன், அவர்களும் இலையை எடுத்துவைத்து எனக்கும் பரிமாறுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பது என்று முடிவு செய்து, போர்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒரு அம்மாவை நிறுத்தினேன். எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்கிற மாதிரி சிரித்தார். "உணவுப் பொருள்னா பிஸ்கெட்டு, முறுக்கு, அந்த மாதிரிம்மா. இது பிரியாணி."

சனிக்கிழமைப் பாடகர்

சனிக்கிழமை மாலை சிமென்ட் மேடையில் கலை நிகழ்ச்சி. அப்படித்தான் பேரூராட்சி நோட்டீஸில் போட்டிருந்தது. நடந்தது என்னவோ, தோல் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் முருகேசன் ஒரு மைக்கையும் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து பாடியதுதான். சோகப் பாட்டு மட்டும்தான் பாடுவார். ஒரு பாட்டு முடிவதற்குள் சறுக்குமரத்தில் குழந்தைகள் பாதியாகக் குறைந்துவிடும். அவர் மனைவி மட்டும் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டுவார். அந்த அன்பைப் பார்த்து எனக்கே நெகிழ்ந்துவிட்டது. "உங்களுக்கு அவர் பாட்டுன்னா அவ்ளோ உசிராக்கா?" என்று கேட்டேன்.

"வீட்ல பாடினா நான் ஒருத்தியே கேக்கணும் பார்க்கக்கா. இங்க பாடினா ஊரோட பங்கு போட்டுக்கலாம் இல்ல."

பூட்டு மட்டும் தெரியும்

ஷூ கம்பெனி வேன்கள் எங்கள் கேட்டுக்கு எதிரில்தான் பெண்களை இறக்கிவிடும். அதற்குள் ஆறரை ஆகிவிடும். நான் பூட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருப்பேன். கார்த்திகை மாதம் ஒரு நாள் அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். தையல் பிரிவில் வேலை, பெயர் ஜெயந்தி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மண்தரை எவ்வளவு பெரிசு, அதில் த்ரோபால் ஆடலாமா என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடினவளாம். கம்பெனியில் இன்னும் சில பேர் ஆடுவார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை வாயேன் என்றேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் துணி, தண்ணீர், மளிகை, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம். மிச்சம் கிடைத்தாலும் எங்கள் மண்தரையில் பிரியாணிப் போர்வைகளுக்கு நடுவே பந்தை எங்கே போடுவது? "இன்னாத்துக்கு இப்படி எட்டிப் பாக்கறே, இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லியா?" என்று கேட்டேன். அவள் கோபப்படாமல்தான் பதில் சொன்னாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "டெய்லி இந்த வழியாத்தான் போறேன்க்கா. எனக்கு இந்தப் பார்க்ல பூட்டு மட்டும்தான் தெரியும்."

தலைவர் மேடத்தின் இடுப்பு

பேரூராட்சித் தலைவர் ஒரு பெண்மணி. மனு கொடுக்கப் போனால் அவர் கணவர்தான் முந்திக்கொண்டு பேசுவார். நல்லவேளை, ஜெயந்திக்காக நாங்கள் மனுவோடு போன அன்று கணவர் வேலூருக்குப் போயிருந்தார். ஜெயந்தியும் இன்னும் இரண்டு பெண்களும் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க நின்றார்கள். பூங்காவில் விளக்குக் கம்பம் இருக்கிறது, ஆறு மணிக்கு நானே அணைத்துவிட்டுப் போகிறேன், ஆறரையிலிருந்து ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும் என்று நான் சொன்னேன். எனக்கும் வீட்டுக்குப் போய் ஒன்றும் அவசரமில்லை. என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியிலிருந்து வரவே எட்டு ஆகும்.

விஷயம் எப்படியோ பஷீர் பாய் காதுக்குப் போய், அவரும் எதிர்மனுவோடு வந்துவிட்டார். நடக்கிற பாதைக்குப் பக்கத்தில் பந்து கூடாது, வயதானவர்கள் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தலைவர் மேடம் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, பொங்கல் விளையாட்டு விழா வரைக்கும் ஒரு மணி நேரம் தருகிறேன், விழாவில் பெண்கள் அணி ஒன்று இறங்க வேண்டும், அதோடு இந்த ஏற்பாடு முடிந்தது, தொடர்வதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். ஜெயந்திக்கு அந்த "பிறகு பார்க்கலாம்" மட்டும்தான் காதில் விழுந்தது. முகம் வாடிவிட்டது. வெளியே வரும்போது மேடம் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "வருஷா வருஷம் கோலப் போட்டிக்கு ஜட்ஜா குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பே போச்சும்மா. இந்தத் தரம் உக்காந்து பாக்கற மாதிரி எதாவது நடக்கட்டும்."

முப்பத்தேழு

பெண்கள் கூடிவிட்டார்கள். வேனிலிருந்து இறங்கினால் நேராக உள்ளே. பையை எல்லாம் நீரூற்றுத் தொட்டியில் போட்டுவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட்டம். தண்ணீர் வராத தொட்டி ஒரு காரியத்துக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. முதல் வாரம் சத்தம்தான் அதிகம், பந்து கம்மி. அடுத்த வாரமே ஆட்டம் பிடிபட்டுவிட்டது. ஜெயந்தி எறிந்தால் பந்து வலைக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் போய் எதிர்ப்பக்கம் மூலையில் விழும். நான் வாய்விட்டு "ஹோ" என்று கத்திவிடுவேன். ஒருமுறை உற்சாகத்தில் விசிலையே ஊதிவிட்டேன், நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் பயந்து நின்றுவிட்டார்கள்.

அணிக்கு ஷூ வேண்டும் என்று கம்பெனி சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார்கள். அவரும் நல்ல மனுஷன். சாம்பிள் ரூமில் பழைய சீசன் ஷூக்கள் கிடக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்துவிட்டார். வெள்ளையில் பச்சைக் கோடு, அவ்வளவு அழகு. பிரித்துப் பார்த்தால் எல்லாம் வெளிநாட்டு அளவில் முப்பத்தேழாம் நம்பர். வெளிநாட்டுக்காரருக்குக் காட்டுவதற்காகப் பெண்கள் ஷூவில் சாம்பிள் செய்தால் முப்பத்தேழில்தான் செய்வார்களாம். இப்போது என்ன செய்வது? வேறு ஊராக இருந்தால் ஷூவை மாற்றியிருப்பார்கள். இவர்கள் ஷூ கம்பெனிக்காரர்கள் ஆயிற்றே, ஆளை மாற்றிவிட்டார்கள். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டினார்கள், யாருக்குப் பொருந்தியதோ அவர்கள்தான் அணி. பந்தையே சரியாகப் பிடிக்கத் தெரியாத ஒருத்தி கால் அளவு சரியாக இருந்ததால் உள்ளே போனாள். ஜெயந்திக்கு நாற்பதாம் நம்பர் கால். உள்ளே எங்கேயோ ஒரு வருத்தம் இருந்திருக்கும், ஆனால் சிரித்துக்கொண்டேதான் ஷூவை அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். "பரவால்லக்கா. நாப்பதுக்கு ஆர்டர் வந்தா சொல்லி அனுப்புங்க, வர்றேன்."

கட்டைவிரல்

நான் பயந்த மாதிரியே ஒரு நாள் பந்து போய் எட்டின் நடுவில், பஷீர் பாய் முதுகில் விழுந்தது. மாலை மஃரிப் தொழுகை முடித்துவிட்டு அவரும் சங்கத்தாரும் அப்போதெல்லாம் ஆறரைக்கே நடக்க வந்துவிடுவார்கள். விளக்கு எரிகிறதே, காலைப் பனியில் எழுந்து வருவதைவிட இது சௌகரியம் என்று அவர்களுக்குள் பேச்சு. பாய் பந்தை எடுத்தார். யாரிடமும் கொடுக்கவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொள்ளாத குறையாக வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

மறுநாள் மாலை பாய் பந்தோடு வந்தார். பந்தில் அங்கங்கே பிரிந்திருந்த தையல் எல்லாம் புதிதாக, நெருக்கமாகப் போடப்பட்டிருந்தது. "இதை வெச்சுக்கினா ஆடறீங்க? நானா இருந்தா பாஸே பண்ணியிருக்க மாட்டேன்" என்று சத்தம் போட்டார். அப்படியே குனிந்து ஒருத்தியின் காலிலிருந்த வெள்ளை ஷூவைக் கட்டைவிரலால் அழுத்தினார். முகம் சுளித்தார். ரொம்ப நாள் ரேக்கில் கிடந்த சோல், பிடிப்பு இருக்காது, இது காட்டுகிற ஷூ, போடுகிற ஷூ இல்லை என்றார். அந்தப் பெண்ணுக்கு வந்ததே கோபம். அவர்கள் கம்பெனி ஷூவை அவர்கள் முகத்துக்கு நேரே ரிஜெக்ட் பண்ணினால் சும்மா இருப்பார்களா? "பாய், இது நாங்க தெச்ச ஷூ. நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க, ஞாபகம் வெச்சுக்கோங்க."

யார் டிபார்ட்மென்ட்

பொங்கல் விளையாட்டு விழா. எங்கள் பூங்காவில் அத்தனை பேரை நான் பார்த்ததில்லை. எதிரணி பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள். தலைவர் மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இடுப்புக்கு ஒரு தலையணைகூட வைத்திருந்தார். ஜெயந்தி கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். ஆட்டம் சூடு பிடித்ததும் எங்கள் பெண் ஒருத்தி பந்தைப் பிடிக்கத் தாவினாள். அவள் தாவினாள், சோல் தாவவில்லை. மண்ணிலேயே கிடந்தது. கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் இன்னொருத்தியின் சோல் வாய் பிளந்தது. பிறகு மூன்றாவது. கடைசியில் எல்லாரும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள்.

வெறுங்காலுக்கு நம்பர் ஏது? "ஜெயந்தீ!" என்று அவர்களே கத்தினார்கள். தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு நடந்தது ஆட்டம். பந்து வலைக்கு மேலே அதே விரல்கடை உயரத்தில் போய்ப் போய் விழுந்தது. பஷீர் பாய் பெஞ்சின் மேல் ஏறி நின்று "அரே, சபாஷ்!" என்று கத்திக்கொண்டிருந்தார். பெஞ்சின் மேல் ஏறக் கூடாது என்று அவர்தான் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். முதல் பாதியில் விட்டதை முழுவதும் பிடிக்க முடியவில்லை, கொஞ்சத்தில் தோற்றோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் கீழே கிடந்த ஷூக்களைப் பொறுக்கிக்கொண்டு, நான் சொன்னேனே என்கிற முகத்தோடு வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த தையல் பிரிவுப் பெண் ஒருத்தி அவர் கையிலிருந்து ஒன்றை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தலை நிமிர்ந்து சொன்னாள்: "நல்லா பாருங்க பாய். ஒரு தையல் பிரிஞ்சிருக்கா? விட்டது சோலு. அது ஒட்டற டிபார்ட்மென்ட்டு."

பாஸ்

விழா முடிந்தது, ஒரு மணி நேரமும் முடிந்தது. மறுநாள் ஆறு மணிக்கு விளக்கை அணைத்தேன், பூட்டினேன். ஆறரைக்கு வேன் வந்தது. பெண்கள் இறங்கி, கம்பிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார்கள். ஜெயந்தி மறுபடியும் பூட்டையே பார்த்தாள். தொழுகை முடித்து பஷீர் பாயும் சங்கத்தாரும் வந்தார்கள். அவர்களும் அதே கம்பிக்கு அதே பக்கம் நின்றார்கள். பாய் பூட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அது மட்டும் கெட்டியாக இருந்தது.

மறுநாள் எல்லாருமாகப் பேரூராட்சி ஆபீஸுக்குப் போனோம். முன்னால் நடந்தவர் பாய். நாலைந்து பெரியவர்கள் நடப்பதற்காக மட்டும் அத்தனை விளக்கையும் எரிய விட முடியாது என்றார் மேடம். அது போக, பந்து வேண்டாம் என்று மனு கொடுத்ததே நீங்கள்தானே பாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பந்து வேணாம்னு சொன்னேன், லைட்டு வேணாம்னா சொன்னேன்? லைட்டு இருக்கணும்னா இந்தப் பொண்ணுங்க இருக்கணும். இந்தப் பொண்ணுங்க இருக்கணும்னா பந்து இருக்கணும். பேஜார் பண்ணாம பாஸ் போடுங்கம்மா."

ஊஞ்சல்

மேடம் பாஸ் போட்டார். கேட்டில் 'மாலை 4 முதல் 7.30 வரை' என்று புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள். அன்றைக்கு மாலை வேன் வந்ததும் பெண்கள் எல்லாரும் மண்தரைக்கு ஓடினார்கள். ஜெயந்தியை மட்டும் காணோம். தேடிக்கொண்டு போனால், ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த நாற்பதாம் நம்பர் கால்களை நீட்டி மடக்கி, பூவரச மரத்து இலையைத் தொடுகிற உயரத்துக்கு ஆடிக்கொண்டிருந்தாள். கம்பெனி அட்டை கழுத்திலிருந்து முன்னும் பின்னும் பறந்தது. ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே போர்டு இருக்கிறது, 'பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏறக் கூடாது' என்று. பழக்க தோஷம், விசில் என் வாய்க்குப் போய்விட்டது. போர்டையும் காட்டினேன். அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. மேலே போகும்போது பாதியும் கீழே வரும்போது பாதியுமாகப் பதில் வந்தது.

"எனக்குப் பன்னெண்டு வயசு ஆனப்போ நான் ரெடியாத்தான் இருந்தேன்க்கா. பார்க்குதான் லேட்டா வந்துச்சு."

சந்தோஷமாக இருக்க வந்தவர்களைப் பார்த்து விசில் ஊதுகிற உத்தியோகம் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, சில சமயம் ஊதாமல் விடுவதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளம் என்று இப்போதெல்லாம் எடுத்துக்கொள்கிறேன்.